தகரப் பெட்டியில் விழுந்த கேள்விகள்

உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் கடைசியாக எப்பொழுது ஒரு கேள்வி கேட்டது? அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? "சும்மா இரு" என்பதுதான் பதிலாக இருந்தால், அன்புகூர்ந்து இக்கட்டுரையைச் சற்றுப் பொறுமையோடு படியுங்கள். ஏனெனில் அதே பதிலைச் சொன்ன ஒருவன்தான் இதனை எழுதுகிறான்.

தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையே, கல்லணைக் கால்வாயின் ஈரத்தில் நெல் விளையும் ஊர் எங்கள் பூதலூர். இங்கே மக்ரிபுத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது அடியேனின் பணி. கல்லூரியில் கலைப் பட்டம் பெற்ற பிறகு மதரஸாவுக்கு வந்தவன் நான். ஆகவே பிள்ளைகளின் உலகம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி.

ஒருநாள் தஜ்வீதுப் பாடத்தின் நடுவே அவள் எழுந்து, "ஹஜ்ரத், சினிமாவில் அழுகிறவர்களுக்கு வருவது உண்மைக் கண்ணீரா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சினம் வந்துவிட்டது. "ஓதுகிற இடத்தில் சினிமாப் பேச்சா? உட்கார்!" என்று அதட்டினேன். அவள் உட்கார்ந்தாள். அன்று மட்டுமன்று, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எந்தப் பிள்ளையும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தொழுகையின் ஃபர்ளுகளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. ஒரு கேள்வியைத்தான் அடக்கினேன் என்று நினைத்தேன். எல்லாக் கேள்விகளையும் அடக்கிவிட்டேன் என்பது ஒரு வாரம் கழித்தே புரிந்தது.

அப்பொழுது என் நினைவுக்கு வந்தது ஒரு பழைய நூல். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் காலத்தால் முந்தியது எது தெரியுமா? 1572-ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மஸலா'. மஸலா என்றால் வினா. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தெளிந்த வரலாற்றைக் கூறுவது அந்நூல். அதற்கு 'அதிசய புராணம்' என்றும் ஒரு பெயர் உண்டு. நம் முன்னோர் தமிழுக்குக் கொண்டுவந்த இலக்கிய வகைகளுள் ஒன்றே வினா விடையாக இருக்க, அவர்களின் வழித்தோன்றல்கள் கேட்கும் கேள்வியை நான் வாயை மூடி நிறுத்துவதா?

பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றின் மூடியில் கீறித் துளையிட்டு, வகுப்பறை ஜன்னலில் வைத்தேன். "பாட்டு, படம், பொழுதுபோக்கு, எதைப் பற்றியும் கேட்கலாம். பெயர் எழுத வேண்டாம். சனிக்கிழமை தோறும் பதில் சொல்வேன்" என்று அறிவித்தேன். முதல் வாரம் இரண்டு சீட்டுகள். நான்காம் வாரம் மூடியைத் திறந்தபோது சீட்டுகள் நிரம்பி வழிந்தன. அவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணீரும் குரலும்

முதற்கண், அந்தச் சிறுமிக்கு நான் பட்ட கடனைத் தீர்த்தேன். சில நடிகர்கள் உண்மையாகவே அழுதுவிடுவார்கள். பலருக்குக் கண்ணருகே கிளிசரின் தடவப்படும், அல்லது மென்தால் காட்டப்படும். கண் உறுத்தும், நீர் வழியும். அந்த விடையைக் கேட்டதும் இன்னொரு சிறுமி, "அப்படியானால் அதைப் பார்த்து எங்கள் நன்னி அழுவது மட்டும் உண்மைக் கண்ணீர்தானே?" என்றாள். ஆம், அதுதான் உண்மை. பொய்க் கண்ணீர் மெய்க் கண்ணீரை வரவழைக்கிறது. நடிப்புக் கலையின் ஆற்றலும் அபாயமும் இரண்டும் அதில் அடங்கிவிட்டன. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளையே கண்டுபிடித்தாள்.

"நடிகர் வாயசைக்கிறார், பாடுவது வேறொருவர் என்கிறார்களே, எப்பொழுதிலிருந்து இந்த வழக்கம்?" என்றது ஒரு சீட்டு. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி நமக்கு அருகிலுள்ள திருவையாற்றில் பிறந்தவர். அக்காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டும். குரல் வளமே நடிப்புக்கு முதல் தகுதியாக இருந்தது. 1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தில்தான் ஒருவர் வாயசைக்க மற்றொருவர் பின்னணி பாடும் முறை தமிழுக்கு வந்தது.

அதற்கும் முன்பே படம் நம் பகுதிக்கு இரயில்வழியாக வந்துவிட்டது. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரம் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்ட அந்த மனிதரின் கதையைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள்.

படம் எப்படி அசைகிறது?

உண்மையில் படம் அசைவதே இல்லை. நொடிக்கு 24 நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. அவற்றை இணைத்து அசைவாகக் காண்பது நம் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் பறவையின் சிறகைச் சிறிது சிறிதாக மாற்றி வரைந்து, தாள்களை விரலால் வேகமாகத் தள்ளிக் காட்டினேன். பறவை பறந்தது. அன்று வகுப்பில் எழுந்த ஆரவாரம் பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும்!

ஒரு சீட்டு வேறுவிதமாகக் கேட்டது: "கேமராவைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் விஞ்ஞானி என்று மேடையில் சொன்னார்கள். 'கமரா' என்பது அரபுச் சொல்லாமே?"

வாசகர்களே, இங்கே நான் சற்றுத் தயங்கினேன். "ஆம்" என்று சொன்னால் பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால் அது உண்மையன்று. 'கேமரா' என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதற்கு மூலம் கிரேக்கம். சிறு துளை வழியே இருட்டறைக்குள் வெளி உருவம் தலைகீழாக விழும் விந்தையைச் சீனத்தவரும் கிரேக்கரும் முன்பே கவனித்திருந்தார்கள். அப்படியானால் பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைஸம் செய்தது என்ன? ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறதேயன்றிக் கண்ணிலிருந்து புறப்படுவதில்லை என்பதைச் சோதனைகளால் நிறுவினார். ஒளி நேர்கோட்டில் செல்வதை இருட்டறையில் விளக்குகளை வைத்து மெய்ப்பித்தார். 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவரது நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய அறிஞர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாய் விளங்கியது. இந்த உண்மையே நமக்குப் போதுமான பெருமை. இல்லாததைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிள்ளை கல்லூரியில் படித்து உண்மையை அறிந்த நாளில், நாம் சொன்ன மற்றவற்றையும் அல்லவா சந்தேகிக்கும்?

காட்டாமலே காட்டிய படம்

"நபி (ஸல்) அவர்களைக் காட்டாமல் அவர்களின் வரலாற்றை எப்படிப் படமாக எடுக்க முடியும்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். எடுத்தார்கள். சிரியாவின் அலெப்போவில் 1930-இல் பிறந்த முஸ்தபா அக்காத் இயக்கி 1976-இல் வெளிவந்த 'தி மெஸேஜ்' அதுதான். அதில் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இடம்பெறவில்லை. அவர்கள் இருக்கும் காட்சிகளில் எதிரே இருப்பவர் கேமராவை நோக்கிப் பேசுவார். அவ்வளவுதான். ஒரே அரங்கத்தில் இரண்டு நடிகர் குழுக்களை வைத்து ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனியாக எடுத்தார். ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆங்கிலப் படத்தில் ஆந்தனி குவின், அரபுப் படத்தில் அப்துல்லாஹ் கைஸ் நடித்தனர். மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு, இடையூறுகளால் லிபியாவில் நிறைவுற்றது. ஸஹாபாக்களை நடிகர்கள் உருவகப்படுத்துவதே கூடாது என்று கருதும் ஆலிம்களும் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அந்த அக்காத் அவர்களின் முடிவு துயரமானது. 2005 நவம்பரில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் விடுதிகளில் நடந்த குண்டுவெடிப்பில் அவரும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். இஸ்லாத்தை உலகுக்கு எடுத்துச்சொல்ல முயன்ற ஒருவரை இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட கொலைகாரர்களே கொன்றார்கள். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று.

நம்மவர்கள்

"பாட்டுத் துறையில் நம் ஊர்ப்பக்கத்து முஸ்லிம்கள் யாராவது உண்டா?" உண்டு. திருவாரூர்ப் பக்கம் அபிவிருத்தீசுவரத்தில் 1914-இல் பிறந்த கவி கா.மு. ஷெரீப் திரைப்பாடல்களும் எழுதினார், இதழ்களும் நடத்தினார், தமிழின் உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1994-இல் மறைந்தார். நாகூர் இ.எம். ஹனிபாவைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ! 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் மறைந்த அவரது குரல் ஒலிக்காத நோன்புக் காலம் நம் மாவட்டத்தில் இருந்ததில்லை. முஸ்லிமல்லாதாரும் தம் இல்லங்களில் விரும்பிக் கேட்ட குரல் அது.

ஷேக் சின்ன மௌலானாவின் வரலாறு பலருக்குத் தெரியாது. ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில் 1924-இல், தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசிக்கும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியைக் கற்கவேண்டும் என்ற வேட்கையால் நம் மண்ணுக்கு வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, பின்னர் திருவரங்கத்திலேயே தங்கிவிட்டார். 1998-இல் 'சங்கீத கலாநிதி' பட்டம் பெற்று, மறு ஆண்டு காலமானார். அவரது தொழிலைப் பற்றி மார்க்க நோக்கில் மாறுபட்டுப் பேசுவோர் உண்டு. ஆனால் கற்பதற்காக ஊரையே விட்டு வந்த அந்த வேட்கையை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிந்துகொள்வதில் தவறில்லை என்றே எண்ணினேன்.

இறந்தவர் பாடலாமா?

"இறந்துபோனவர் புதுப் பாட்டுப் பாடினாராமே, கராமத்தா?" என்ற சீட்டைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கராமத்து அன்று, கணினி. 1997-இல் விபத்தில் இறந்த பாடகர் ஷாகுல் ஹமீதின் குரலையும், 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீட்டெடுத்து, 2024-இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவரே அறிவித்தார். "ஒருவருடைய குரல் அவர் இறந்த பிறகு யாருடைய சொத்து? வாரிசுரிமைச் சட்டத்தில் அதற்குப் பங்கு உண்டா?" என்று பெரிய மாணவர்களிடம் கேட்டேன். ஃபராயிள் பாடத்தை அன்று போல் என்றும் அவர்கள் ஆர்வமாய் விவாதித்ததில்லை. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். தொலைபேசியில் தெரிந்தவர் குரலில் பணம் கேட்டால் உடனே நம்பிவிட வேண்டாம். குரலையும் இப்போது போலியாகச் செய்கிறார்கள்.

பாட்டு ஹராமா, ஹலாலா?

மிகுதியான சீட்டுகளில் இருந்த கேள்வி இதுதான். நான் முஃப்தி அல்லன். ஆகவே கிதாபுகளில் உள்ளதைச் சுருக்கமாக முன்வைத்தேன்.

பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் தஃப் அடித்துப் பாடினர். அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டித்தபோது, பெருநாள் என்பதால் அவர்களை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழவும் இடம் கொடுத்தார்கள். மறுபுறம், பிற்காலத்தில் மதுவையும் விபச்சாரத்தையும் இசைக்கருவிகளையும் ஆகுமாக்கிக்கொள்ளும் கூட்டத்தார் தோன்றுவர் என்று எச்சரிக்கும் ஹதீஸும் புகாரியிலேயே உள்ளது. இவ்விரண்டையும் கருதி நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தஃபுக்கும் நல்ல பொருளுடைய பாட்டுக்கும் இடமளித்து, ஏனைய கருவிகளைத் தடுத்தனர். இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் அத்தடைக்கான ஆதாரங்களை ஏற்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இதற்கெனவே ஒரு தனிப் பகுதி எழுதினார்கள். பாடுபவர் யார், கருவி எது, பாட்டின் பொருள் என்ன, கேட்பவரின் உள்ளத்தில் அது எதை எழுப்புகிறது, அதிலேயே பொழுதெல்லாம் போகிறதா என்று ஐந்து கோணங்களில் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஐந்து கேள்விகளையும் கரும்பலகையில் எழுதினேன். "உங்கள் கையிலுள்ள தொலைபேசியில் ஓடும் ஒவ்வொன்றையும் இவற்றால் சோதியுங்கள்" என்றேன். 'ஹராம்' என்ற ஒரே சொல்லோடு அனுப்பப்பட்ட பிள்ளை வாசலைத் தாண்டியதும் மறந்துவிடும். எடைபோடக் கற்ற பிள்ளை தராசைக் கையோடு எடுத்துச் செல்லும்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. திரைப்படத் தணிக்கைச் சான்றில் முன்பு யு, யு/ஏ, ஏ என்று பொதுவாக இருந்த பிரிவில், 2024 முதல் யு/ஏ என்பதை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. தராசு பிள்ளைகளுக்கு மட்டும் அன்று.

அந்த ஒரு சீட்டு

இனி நான் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு சனிக்கிழமை கடைசியாக எடுத்த சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: "எங்கத்தா மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பாட்டுப் போடுவார். அந்தக் காசில்தான் சாப்பிடுகிறோம். எங்கள் சாப்பாடு ஹராமா?"

பெயர் இல்லை. ஆனால் எங்கள் சிற்றூரில் மைக் செட் வைத்திருக்கும் முஸ்லிம் எத்தனை பேர்? தலை குனிந்து அமர்ந்திருந்த ஒரு சிறுவனின் முகத்தைப் பார்த்தேன். சென்ற மாதம் நான் செய்த பயான் என் செவியில் மீண்டும் ஒலித்தது. "பாட்டுக் காசு புகும் வீட்டில் பரக்கத் புகாது" என்று முழங்கியிருந்தேன். சொல்லும்போது என் கண்முன் இருந்தவர்கள் எங்கோ இருக்கும் பணக்கார நடிகர்கள். என் எதிரே அமர்ந்திருந்த பதினொரு வயதுப் பிள்ளையை நான் பார்க்கவில்லை.

அன்று அந்தச் சீட்டுக்கு வகுப்பில் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இஷாவுக்குப் பின் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணை முழுதும் ஆம்ப்ளிபயரும் கூம்பு ஸ்பீக்கர்களும் ஒயர்ச் சுருள்களும் சீரியல் விளக்குகளும் கிடந்தன.

"வாங்க ஹஜ்ரத், உட்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் அவனது தகப்பனார். பிறகு தாமாகவே சொன்னார்: "பயான் கேட்டதிலேர்ந்து புள்ள சரியாச் சாப்பிட மாட்டேங்குறான். கேட்டா வயிறு வலிங்குறான். எனக்குத் தெரியும் ஹஜ்ரத், வயிறு இல்ல."

அவர் என்மீது கோபம் கொள்ளவில்லை. அதுவே எனக்குக் கூடுதலாய் வலித்தது. முன்பதிவு நோட்டை எடுத்து வந்து காட்டினார். ரெக்கார்டு டான்ஸ் என்றால் அட்வான்ஸே வாங்குவதில்லை. ஆபாசப் பாட்டுப் போடச் சொன்னால், "இந்தப் பாட்டு இல்லை" என்று சொல்லிவிடுவார். எந்த நிகழ்ச்சியானாலும் பாங்கு நேரத்தில் ஒலியை நிறுத்திவிடுவார். இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுவதைச் சுட்டி, யார் கெஞ்சினாலும் கட்டிவிடுவார். ஜனாஸா அறிவிப்புக்கும் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் அறிவிப்புக்கும் எந்தச் சமூகத்தாரிடமும் காசு வாங்குவதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து கொள்ளிடத்தில் வெள்ளம் பாய்ந்த நாட்களில், ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கரையோர ஊர்களுக்குப் போய் எச்சரித்தவரும் அவரே. இவை எவையும் எனக்குத் தெரியாது. பத்தாண்டுகளாக ஒரே பள்ளியில் தொழுகிறோம். கேட்டிருந்தால்தானே தெரியும்!

"சந்தேகமான காசு வந்தா என்ன செய்யிறதுன்னு யார்கிட்டயும் கேக்கப் பயமா இருந்துச்சு ஹஜ்ரத். கேட்டா தொழிலையே விடுன்னுடுவாங்களோன்னு" என்றார்.

மறுநாளே மூத்த முஃப்தி ஒருவரிடம் சென்று விவரம் முழுவதையும் வைத்தேன். அவர்கள் சொன்னதன் சாரம் இது: ஒலிபெருக்கி ஒரு கருவி. அதன் தீர்ப்பு அதன் பயனைப் பொறுத்தது. வாடகைக்கு எடுத்தவர் செய்யும் செயல் வாடகைக்கு விட்டவரை எந்த அளவுக்குச் சாரும் என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் இரு மாணவர்களுக்குமே கருத்து வேறுபாடு உண்டு. எனவே ஒரு குடும்பத்தின் உணவு முழுவதையும் ஹராம் என்று தீர்ப்பளிக்க எவருக்கும் உரிமையில்லை. தெளிவான பாவத்துக்கென்றே கேட்டால் மறுக்கட்டும், ஐயத்துக்குரியதைப் படிப்படியாகக் குறைக்கட்டும், அத்தகைய வருவாயில் ஒரு பகுதியை ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். அவர் ஏற்கெனவே பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார். இறுதியாக முஃப்தி அவர்கள் என்னை நோக்கி, "ஃபத்வா கேட்கப் பயப்படும்படி மக்களை வைத்திருப்பது நம் குற்றம்" என்றார்கள். அது எனக்கான ஃபத்வா.

இந்தக் கருவியின் வரலாற்றையும் எண்ணிப் பாருங்கள். ஃபோனோகிராஃபில் குர்ஆன் ஓதுதலைப் பதிவு செய்யலாமா என்ற கேள்வி எழுந்து, பதாவியா நகரத்து ஆலிம் செய்யிது உஸ்மான் அவர்கள் 1899-லேயே அதுபற்றித் தீர்ப்பு எழுதினார்கள். தொழுகையில் ஒலிபெருக்கி கூடுமா என்று நம் துணைக்கண்டத்து உலமாக்கள் நெடுநாள் வாதித்தார்கள். ஆயினும் 1961-இல் எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் குர்ஆன் முழுமையும் இசைத்தட்டுகளாய் வெளிவந்தது. இன்று அதே குரல் கேட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். முன்னோர் ஒரு கருவியைக் கண்டதும் கேள்வி கேட்டார்கள், பொறுமையாய் ஆராய்ந்தார்கள், பின்னர் தீர்ப்புச் சொன்னார்கள். நான்தான் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டேன்.

திருத்தம்

அடுத்த ஜும்ஆவுக்கு முந்தைய பயானில், எவரையும் சுட்டாமல், சென்ற மாதம் நான் சொன்னது தவறு என்று அதே மிம்பரின் அருகில் நின்று அறிவித்தேன். தனியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரறியச் சொன்ன தவற்றை ஊரறியத் திருத்துவதே முறை. சனிக்கிழமை வகுப்பில் அந்தச் சீட்டை எடுத்து, "இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வீட்டுச் சாப்பாட்டைப் பிஸ்மில்லாஹ் சொல்லி வயிறாரச் சாப்பிடட்டும். அவருடைய அத்தா கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கிற மனிதர்" என்றேன். ஒரு தலை மெல்ல நிமிர்ந்தது.

வெற்றிக் கதையாக இதை முடிக்க விரும்பவில்லை. அவர் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறார். சில மாதங்களில் வருவாய் குறைகிறது. பள்ளி ஜமாஅத்தினர் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவரையே அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடி எல்லோரும் அழைப்பதில்லை. "ஹலாலாகச் சம்பாதி" என்று அறிவுரை சொல்லும் சமுதாயம், அவ்வாறு சம்பாதிக்க முனைபவருக்கு வேலை கொடுக்கவும் கடமைப்பட்டது. வாசகர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியில் அதே பென்சில் எழுத்தில் ஒரு சீட்டு: "மைக்கில் சில நேரம் 'ஊய்' என்று சத்தம் வருகிறதே, ஏன்?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தெரிந்தவரை அழைத்து வந்தேன்.

மைக் செட்டுக்காரர் முதன்முறையாக எங்கள் வகுப்பின் முன் நின்றார். கைகள் சற்று நடுங்கின. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெருகி வெளிவந்து, மறுபடியும் உள்ளே புகுந்து இப்படியே சுற்றுவதால்தான் அந்த ஊளை எழுகிறது என்று செய்து காட்டி விளக்கினார். ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைப் பிடிக்கக் கூடாது, அதுதான் மருந்து என்றார். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் மைக்கைப் பிடித்து ஸூரத்துல் இக்லாஸ் ஓதினார்கள். அவருடைய மகன் கடைசியில் ஓதினான். அத்தாவைப் பார்த்துக்கொண்டே ஓதினான்.

மிம்பரின் அருகில் நின்று மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம் இப்பொழுது எனக்கு அந்த விளக்கம் நினைவுக்கு வருகிறது. நாம் விடும் சொல் எந்தப் பிள்ளையின் காதில் எத்தனை மடங்காய்ப் பெருகி ஒலிக்கிறது என்பதை நாம் அறிவதில்லை.

தகரப் பெட்டி இன்றும் ஜன்னலில்தான் இருக்கிறது. உங்கள் இல்லத்திலும் ஒரு பெட்டி வையுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, உண்மையாகவே கேட்டுச் சொல்லுங்கள். வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குக் கேட்கும் துணிவையும், நமக்குப் பொறுமையோடு விடை கூறும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.